நான் அடைத்த காற்றுத் துளைகள்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது, மறைப்பானேன். அக்ராவில் என் தங்கை கோர்கோருக்குப் பெண் பிறந்து ஆறாம் நாள். மதியம் இரண்டு மணி, கரண்ட் இல்லை. தகரக் கூரையின் கீழே, மேற்கு பார்த்த அறையில் தாயும் பிள்ளையும். எட்டாம் நாள் விடியும்வரை பிள்ளையை வெளியே கொண்டுவரக் கூடாது, பெயரும் வைக்கக் கூடாது. எங்கள் வழக்கம் அது.

2

முதலில் எழுதிய வரி: ‘கொடூரமான வெயில் அந்த வீட்டை’

(அடித்துவிட்டேன். வெயில் மேல் பழி போடுவது சுலபம்.)

அடுத்தது: ‘ஒரு கொத்தனார் அந்த அறையை’

(‘ஒரு’வாம்! நான்தான் ஐயா அந்தக் கொத்தனார்.)

அந்த அறையில் முழுசாகத் திறக்கும் பழைய ஜன்னல் இருந்தது. கூரைக்கு அடியில் காற்றுத் துளைக் கற்கள். கோர்கோரின் புருஷன் டெட்டேவுக்கு அது பட்டிக்காடு.

“ஏசி வரப்போற ரூமுக்கு ஓட்டை எதுக்கு மச்சான்? அடைச்சு விடு. எல்லாரும் நகர்த்துற கண்ணாடிதான் வைக்கிறாங்க.”

அடைத்தேன். பூச்சு வழவழவென்று இருந்ததில் எனக்குப் பெருமை வேறு. கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறந்தது. ஏசி வரவே இல்லை.

3

டெட்டேவை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அன்று அவன் கதவில் ஈரத்துணி கட்டிக்கொண்டே அழுதான்.

“அண்ணே, பால் குடிக்க மாட்டேங்குறா. உடம்பு கொதிக்குது,” என்றாள் கோர்கோர் உள்ளேயிருந்து.

“வெளிய தூக்கிட்டு வா.”

“எட்டாம் நாள் வரைக்கும் இவ விருந்தாளிதானே அண்ணே. இப்பவே வாசலைக் காட்டினா திரும்பிப் போயிடுவா. வேற ஏதாவது பண்ணு.”

(ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முடிவையும் எழுதினேன். அதில் எல்லாரும் எங்களைவிடப் புத்திசாலிகள்.)

4

ஏணி போட்டு, வெளியிலிருந்து சுத்தியலால் அடித்தேன். நான் வைத்த சிமெண்ட் உடைய மறுத்தது. பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இருந்தவரை எனக்குத் தைரியம் இருந்தது.

நாலாவது துளை திறந்ததும் சூடான காற்று என் முகத்தில் வந்து அடித்தது. அழுகை நின்றது.

டெட்டே என்னைப் பார்த்தான். “கோர்கோர்கிட்ட நீ கேளு மச்சான்.”

“நீ கேளு,” என்றேன்.

5

ஏழு தடவை எழுதிவிட்டேன். ஏழு தடவையும் ஏணியிலேயே நிற்கிறேன். காற்று பட்டுத் தூங்கினாள் என்று எழுதக் கை வருகிறது. அடுத்து ‘விழித்தாள்’ என்று எழுத வருவதில்லை.

அவளுக்கு யோசித்து வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியும். எட்டாம் நாளுக்கு முன் அதை எழுதக் கூடாது. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் கதவருகில் இருக்கிறீர்கள், எனக்குப் பதிலாக நீங்கள் உள்ளே கேளுங்கள். அவள் தூங்குகிறாள் என்று கோர்கோர் சொன்னால், எட்டாம் நாள் விடிந்ததும் நல்ல பெயராக ஒன்று எழுதுங்கள்.

(                    )