சங்கு ஊதிய பிறகு ஆடிய பதினொரு நிமிடம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் வேலை பார்க்கும் டயர் கடையில் முதலாளியே என்னிடம் அளந்துதான் பேசுவார். அதனால் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணியில் ஐந்து பேர். மூன்று பேர் தலைநகர் அப்பியாவைச் சேர்ந்தவர்கள். நானும் என் சித்தி மகன் பெலெனாதோவும் தீவின் தென்கரையில் ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து வீடு. ஐந்துக்கு ஐந்து பேர் மோதிக் கோட்டை பிடிக்கிற ஆட்டம், எல்லாம் இணையத்தில். அணித் தலைவி என்று என் பெயர் இருக்கிறது, சலஃபாய் என்று. ஆனால் ஆடத் தெரிந்தவன் அவன்தான். அவன் வராத நாளில் நாங்கள் ஜெயித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்த ஆட்டத்தில் நடுவில் விட்டுப் போனால் தண்டனை உண்டு. முதல் தடவை ஐந்து நிமிடம் உள்ளே விடமாட்டார்கள். அடுத்தது அரை மணி. அப்புறம் ஒரு நாள், ஒரு வாரம் என்று ஏறும். ஆறாவது தடவை போனால் அந்த வருடம் முழுக்க வெளியேதான். நல்ல சட்டம் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற பயல்களால் எத்தனை ஆட்டம் பாழாகியிருக்கிறது. அவர்களை நானே பேர் சொல்லிப் புகார் செய்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் சங்கு ஊதும். ஊதினால் 'சா', அதாவது ஊர் முழுக்க ஜெப நேரம். எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபம் பண்ண வேண்டும். சாலையில் ஒருத்தர் நடக்கக்கூடாது, பஸ்கூட ஓரம் கட்டி நிற்கும். குடும்பத் தலைவர் பட்டம் இன்னும் வாங்காத இளவட்டங்கள் லவலவா வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகச் சாலையில் காவல் நிற்பார்கள்; மீறுகிறவர்களை ஊர்ச் சபையில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. பெலெனாதோ அதில் ஒருவன். சங்குக்கு மணிக்கணக்கு கிடையாது. ஊதுகிறவர் வானத்தைப் பார்த்து ஊதுவார். ஒரு நாள் ஆறே காலுக்கு, ஒரு நாள் ஏழுக்குப் பக்கத்தில். இவனோ சேப்பங்கிழங்குத் தோட்டத்திலிருந்து ஐந்து மணிக்கு வந்து, குளித்துவிட்டு ஆட உட்காருவான். அந்த வருடம் ஐந்து தடவை சங்கு அவனை நடு ஆட்டத்தில் எழுப்பிவிட்டது.

"ஏன்டா அந்த நேரம் பாத்து உக்கார்றே?" என்று திட்டினேன்.

"தோட்டத்து வேலையை நீ பாத்துக்கோ அக்கா, நான் மத்தியானமே ஆடறேன்" என்றான். 

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை ஆட்டம் வந்தது. ஜெயித்தால் ஆக்லாந்தில் இறுதிச் சுற்று. விமானச் சீட்டு, தங்க இடம் எல்லாம் போட்டி நடத்துகிறவர்கள் பொறுப்பு. பெலெனாதோ விமானம் ஏறியதே இல்லை. நியூசிலாந்தில் பழம் பறிக்கும் வேலைக்கு இரண்டு வருடம் எழுதிப் போட்டான், இரண்டு வருடமும் பட்டியலில் பெயர் இல்லை. எடுத்து வைத்த பாஸ்போர்ட் அலமாரியில் கிடந்தது. இந்த ஆட்டத்தைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கத் தோட்டத்திலிருந்து ஓடித்தான் வந்தான்.

ஐந்தரைக்கு ஆரம்பிக்க வேண்டிய ஆட்டம். அவர்கள் பக்கத்தில் ஏதோ கோளாறு, ஆறு மணி தாண்டித்தான் ஆரம்பித்தது. தலைவி நான், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கலாம். வானத்தைப் பார்த்தேன், மேகம் இல்லை, இன்றைக்குச் சங்கு தாமதமாகத்தான் ஊதும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தப் புத்தியை எதால் அடிப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இருபத்து நான்காவது நிமிடம் சங்கு ஊதியது.

"அக்கா, நான் போகணும்" என்று காதில் அவன் குரல் கேட்டது.

"போ" என்றேன்.

ஆறாவது தடவை என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போய்விட்டான். நாங்கள் நான்கு பேர். நான்குக்குக் கீழே போனால் ஆட்டமே தோல்வி என்பது விதி. ஜெபம் தொடங்கச் சொல்லும் இரண்டாவது சங்கு ஊதியது. அம்மா கூப்பிட்டாள். தலைவலி என்று பொய் சொன்னேன். எல்லோருக்காகவும்தான் ஆடுகிறோம், பிறகு முறையிட்டு அவன் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று மனதைச் சமாதானம் பண்ணிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து இன்னும் பதினொரு நிமிடம் ஆடினேன். ஜெயித்தோம்.

ஜன்னல் துணி முழுசாக மூடவில்லை. எங்கள் வீட்டு முன்னால்தான் பெலெனாதோவின் காவல். என் அறை வெளிச்சத்தை அவன் பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிடம் நின்றான். பிறகு எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டான். கூடப் பிறந்தவள் மாதிரியானவளைச் சபையில் காட்டிக்கொடுக்கிற தம்பி எங்கள் ஊரில் கிடையாது. ஜெபம் முடிந்து வந்தவன், ஜெயித்தோமா என்று மட்டும் கேட்டான்.

அவன் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நான் முறையீடு எழுதினேன். உங்கள் இணைப்புக் கம்பியைச் சரிபாருங்கள் என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. அதை நான் திட்டிய திட்டு அம்மாவுக்குக் கேட்டிருக்கும். மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஆக்லாந்திலிருந்து கிரஹாம் என்று ஒரு மனிதர் பதில் எழுதினார். மரியாதையாகத்தான் எழுதினார். உங்கள் ஊர் ஜெபத்தை மதிக்கிறோம். ஆனால் அதே ஊரிலிருந்து ஆடிய இன்னொருவர் அன்றைக்கு ஆட்டத்தை முடித்திருக்கிறார். ஆகவே அது கட்டாயம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

அந்த இன்னொருவர் நான்தான். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊருக்குக் கட்டுப்பட்டு எழுந்து போனவனுக்குத் தண்டனை, பொய் சொல்லி உட்கார்ந்திருந்தவளுக்கு நல்ல பெயர், அதற்கு மேல் அவனுக்கு எதிரான சாட்சியும் நானே. வெட்கமாக இருந்தது.

கட்டாயம்தான், நான்தான் மீறினேன் என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. திங்கட்கிழமை சபைக்குப் போனேன். ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சனிக்கிழமை சா நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். குடும்பத் தலைவருக்கு ஒரு தூண் என்பது சபை வழக்கம்; அப்பா தன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் குடும்பத்துக்குப் பதினைந்து பெட்டி டின் மீனும் ஒரு பன்றியும் அபராதம். அதை எழுதி முத்திரை போட்டுத் தரவேண்டும் என்று கேட்டேன். சபை எழுத்தர் என் தாய்மாமா.

"அபராதத்துக்கு ரசீது கேக்கற முதல் ஆளு நீதான்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் எதிர்த் தூணிலிருந்து ஒருவர் கேட்டார். "சனிக்கிழமை அந்தப் பக்கம் காவல் யாரு?"

ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும், இந்தக் கேள்வி வரும் என்று. எனக்குத் தோன்றவே இல்லை. ஆக்லாந்துக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதிலேயே புத்தி இருந்தது. பின்னால் இளவட்டங்களோடு உட்கார்ந்திருந்த பெலெனாதோ, நான்தான் என்றான். வெளிச்சம் தெரிந்ததா என்று கேட்டார்கள். தெரிந்தது என்றான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த மடையனுக்குப் பொய் வராது. மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் அவனே காவல் நிற்க வேண்டும், ஊரை விட்டு வெளியே ராத் தங்கக்கூடாது என்று தீர்ப்பானது.

மாமா இரண்டு தண்டனையையும் ஒரே தாளில் எழுதி முத்திரை குத்தித் தந்தார். அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் கிரஹாம் பதில் எழுதினார். தவறு எங்களுடையது, வருந்துகிறோம். ஆறாவதை மட்டுமல்ல, ஆறையும் நீக்கிவிட்டோம். ஜெப நேரத்தை முன்கூட்டியே தெரிவித்தால் இனி அந்த நேரத்தில் ஆட்டம் வைக்கமாட்டோம். கூடவே பெலெனாதோ பெயரில் விமானச் சீட்டு. தேதி ஏழு வாரம் தள்ளி.

மாமா வீட்டுக்கு ஓடினேன். நாலு நாள் மட்டும் விடுங்கள், திரும்பி வந்து நாலு மாதம் நிற்பான் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

மாமா கோபப்படவில்லை. "இது கட்டாயம்னு அந்த ஆளுக்கு எழுதிக் குடுத்தது நாமதானே? முத்திரையும் போட்டு? அதை நம்பித்தானே அவரு சீட்டு அனுப்பிச்சாரு. இப்ப நாலு நாள் விட்டுட்டா, அந்தக் காகிதம் பொய்யாயிடும்மா."

 அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கியவள் நான்.

சாயங்காலம் சாலையில் காவலுக்கு நின்றவனிடம் போய்ச் சொன்னேன். போனை வாங்கிச் சீட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பேரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்றான்.  நானும் போகப்போவதில்லை என்றேன்.

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் என்மேல் வந்த முதல் கோபம்.

"நீ போகலைன்னா மூணு பேரு. மூணு பேருக்கு ஆட்டம் கிடையாது. அப்புறம் நான் எதுக்கு அன்னிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்? போயிட்டு வா. என்கிட்ட வந்து அழாதே."

சங்கு ஊதியது. அவன் போனை என் கையில் கொடுத்துவிட்டு லவலவாவை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"உள்ள போ அக்கா. இனிமே பாத்தா சொல்லிடுவேன்."

வீட்டுக்குள் போனேன். அப்பா ஜெபப் பாட்டை ஆரம்பித்திருந்தார். அம்மா நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன், பாட வாய் வரவில்லை.