நாற்பது நொடி மழை

அந்த அறைக்குள் மழையின் சத்தம் வராது. இடி விழுந்தாலும் வராது. சுவர், கூரை, கதவு என்று எல்லா இடத்திலும் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும்.

வாயாடிக்கு அந்த இடம் பிடிக்கும். வாயாடி என்பது வீட்டில் வைத்த பெயர். வானிலை அலுவலகத்துக்கு அவள் வெறும் குரல். வாரம் ஒருமுறை பன்னிரண்டாயிரம் விவசாயிகளின் போனில் ஒலிக்கிற குரல். ஒரு செய்திக்கு நாற்பது நொடி. நாற்பத்தொன்றாவது நொடியில் கருவி தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டிவிடும்.

நேற்று மாலை போன செய்தியைத்தான் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். நான் உங்கள் மழைத்தோழி. வானம் உங்கள் பக்கம்தான். இந்தப் பருவம் நல்ல மழை..."

கண்ணை மூடினாள். தன் குரல் வரப்பு வரப்பாக நடந்து போவது தெரிந்தது. பன்னிரண்டாயிரம் வயல்களில் ஒரே நேரத்தில் அவள் நின்றாள். கால்கள் மண்ணில் படவே இல்லை.

மேசை மேல் போன் அதிர்ந்தது. அண்ணன்!

"வாயாடி! கொட்டுதுடி! நீ சொன்ன மாதிரியே!"

"என்னண்ணே கொட்டுது?"

"மழைடி! ஆபீஸ்ல உக்காந்து தூங்குறியா? பத்துப் பை மக்காச்சோளமும் வயலுக்கு வந்தாச்சு. டிராக்டர் கிளம்பப் போகுது. போன் நனையுது, வைக்கிறேன்."

வைத்துவிட்டான்.

சிரித்தபடி மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அலுவலகத்தின் வானிலை நிபுணர் எழுதித் தந்த காகிதம். கடைசி வரிக்குக் குறுக்கே ஒரு பென்சில் கோடு. அவள் போட்ட கோடு.

'முதல் மழைக்குப் பிறகு மூன்று வாரம் வறட்சி நிலவ, பத்துக்கு ஏழு வாய்ப்பு.'

நேற்று செய்தி நாற்பத்தாறு நொடி வந்தது. ஆறு நொடி குறைக்க வேண்டும். மழைத்தோழியை வெட்ட மனசு வரவில்லை. அவளே யோசித்துச் சேர்த்த வரியாயிற்றே! அதற்குப் பதில் இந்த வறட்சி வரியை வெட்டினாள்.

போன வருடம் அண்ணன் இரண்டு முறை விதைத்தான். இரண்டும் முளைத்துக் கருகின. "இன்னொரு தடவை கருகுச்சுன்னா நிலத்தை விட்டுட்டு லாரி ஓட்டப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள்.

அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. அண்ணியை அழைத்தாள். எடுத்தாள்.

"அண்ணி, ஓடிப்போய் விதைக்க வேணாம்னு சொல்லுங்க. நான் ஒரு வரியை விட்டுட்டேன்."

"நல்லா இருக்கே! நான் சொல்லி எதைக் கேட்டிருக்கார்? நீ சொன்னாலும் தங்கச்சி உளறுறான்னு சிரிப்பார். மழைத்தோழி பேசுற அந்த நம்பர்லேர்ந்து வரட்டும், கைகட்டிக் கேப்பார்."

"அதுவும் நான்தானே அண்ணி!"

"அது அவருக்குத் தெரியும். ஆனா அது வேற நீ. என் போனுக்கும் அது வரும், எடுத்துக்கிட்டு நான் வயலுக்கு ஓடுறேன். நீ சீக்கிரம் அனுப்பு."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். நிபுணர் ஜன்னலோரம் நின்று, மழையை ஏதோ கனவைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் 'ஒருவேளை' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே ஒருவேளை.

விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"ஒருவேளை... இப்ப மாத்திச் சொன்னா நம்ம மேல நம்பிக்கை போயிடாதாம்மா?"

"சொல்லலேன்னா விதை போயிடும் சார்."

"ஒருவேளை... பத்துக்கு மூணு, மழை தொடரவும் தொடரலாமே."

"அந்த மூணையும் சொல்லிடுறேன் சார். முடிவு அவங்க பண்ணட்டும்."

அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் முதல் முறையாக ஒருவேளை சொல்லாமல், "போ, ஓடு" என்றார்.

ஓடிய வேகத்தில் அறைக் கதவைச் சாத்த மறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் இல்லை. தோழி இல்லை.

"நேற்று ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டேன். தவறு என்னுடையது. இந்த மழைக்குப் பிறகு மூன்று வாரம் வறட்சி வர, பத்துக்கு ஏழு வாய்ப்பு. மழை தொடர, பத்துக்கு மூன்று. தண்ணீர் வசதி இல்லாதவர்கள் முழு விதையையும் இன்றே போட வேண்டாம்."

பத்தொன்பது நொடிதான் ஆனது. மிச்ச நொடிகளில் பேச ஒன்றும் இல்லை. திறந்த கதவு வழியாக மழையின் சத்தம் மெல்ல உள்ளே வந்து பஞ்சுச் சுவர்களைத் தொட்டது. குளத்தின் அடியில் இருந்தவள் மேலே மிதந்து வந்தாள். நாற்பது வரை கருவி அதையும் பதிவு செய்துகொண்டது.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான்.

"அந்த அம்மா போன் பண்ணாங்க" என்றான்.

"எந்த அம்மா?"

"மழைத்தோழி. இன்னிக்கு மரியாதையா தப்பை ஒத்துக்கிட்டாங்க. நம்ம வீட்ல ஒருத்தி இருக்கா, ஒத்துக்கவே மாட்டா."

"அண்ணே! விதை என்னாச்சு?"

"அதுக்குள்ள ரெண்டு பை போட்டிருந்தேன். பத்துக்கு மூணுன்னாங்கல்ல? இன்னொன்னும் போட்டேன். மிச்ச ஏழு பையும் வீட்டுக்குள்ள கட்டில்ல படுத்திருக்கு. உங்க அண்ணி தரையில."

பின்னால் அண்ணி ஏதோ திட்டுவது கேட்டது.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல ஆனது. மூன்று பை விதையும் பச்சையாக முளைத்து, மஞ்சளாகி, பதினைந்தாம் நாள் சருகாயின. அண்ணன் லாரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை. நிபுணர் தந்த புதிய காகிதத்தோடு வாயாடி அறைக்குள் நுழைந்தாள். போன் அதிர்ந்தது.

"வாயாடி, மேகம் இறங்குது. விதைக்கட்டுமா? உனக்குத் தெரியும்ல, சொல்லேன்."

அவள் காகிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் படித்தாள். சிரித்தாள்.

"நான் சொன்னா நம்பமாட்டே. அந்த நம்பர்லேர்ந்து வரும்ணே. கைகட்டிக் காத்திரு."