மருந்து காயும் வரை

எண்பத்து மூன்றாம் வருஷம். என் பழைய காரின் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டிருந்தது. புது ஹெட்டுக்கு வக்கில்லை. சிரம்பானில் விரிசல் அடைக்கும் மருந்து ஒரு டின் வாங்கி வந்தேன். அதை ரேடியேட்டரில் ஊற்றி, எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். அதற்குள் தண்ணீர் பட்டால் மருந்து கரைந்து போகும். டின்னில் இருந்ததைப் படித்துச் சொன்னவன் நல்லசாமி, எங்கள் ரப்பர் தோட்டத்து லோரிக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வடித்தோம். அப்புறம் பச்சைப் பிள்ளையைக் காப்பது போல, காரின் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை நான்.

இரண்டு மணிக்கு என் மனைவி ராக்கம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. மாதம் ஒருமுறை வருவதுதான். பாழாய்ப் போன இழுப்பு இன்றைக்கா வரவேண்டும் என்றுதான் எனக்கு எரிச்சல். சுடுதண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தேய்த்தேன். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் லீவில் போர்டிக்சன் போயிருந்தார். மூன்று மணிக்கு அவள் உதடு நீலமாகிவிட்டது.

"காடிய எடுங்கண்ணே," என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை.

"தண்ணி இல்லாம எப்படி ஓடும்? இப்ப ஊத்துனா மருந்து வீணாப் போயிரும்லா."

ராக்கம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "காயட்டும்... டெக்சி கூப்பிடுங்க," என்றாள். அவளே சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

கோலா சாவாவுக்குச் சைக்கிளில் போனேன். டெக்சிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்து கூட்டிவர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது, என் மடியில் கிடந்தவளுக்கு இழுப்பு நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "பாவம், இந்த நேரம் பாத்து காடி கெட்டுப் போச்சே," என்றார்கள். ஆமாம் என்றேன். மாமியார் மயிலம்மாள் காரின் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். பஞ்சாலை மட்டும் என்னைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் நல்லசாமி தண்ணீர் ஊற்றி, காரைச் சிரம்பான் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"நல்லாப் புடிச்சிக்கிச்சிண்ணே. ஒரு சொட்டு ஒழுகல."

"அன்னிக்கே தண்ணி ஊத்தி எடுத்திருந்தா?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். மறுபடியும் கேட்டேன்.

"மருந்து வீணாப் போயிருக்கும். காடி சிரம்பான் போயிருக்கும்ணே. விரிசலோட ரெண்டு மாசமா நீங்க ஓட்டிக்கிட்டுதானே இருந்தீங்க."

சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் பசித்தது. சாப்பிட்டேன்.