கறையான் தின்ற வீடு

கிளாரி டோங்கினின் ரயில்வே குடியிருப்பைத் தாங்கிய மரக்கால்களைக் கறையான் முழுதாகத் தின்று முடித்த பிறகும் அந்த வீடு விழவில்லை. நின்ற உயரத்திலேயே அந்தரத்தில் நின்றது. நல்லர்பார் பொட்டல்வெளியின் நடுவே, பேருக்குக்கூட ஒரு மரமில்லாத முண்டூலா ரயில் நிறுத்தத்தில் கறையானும் வேறு எதைத்தான் தின்னும், பாவம். புகார் போய், அடுத்த ஆண்டே கட்டடப் பிரிவு அதிகாரி வந்துவிட்டார். குனிந்து, வீட்டுக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தார். "விழுந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "விழுந்தா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார். கடமை தவறாத மனுஷன்.

கேட்பாரில்லாத கோபமோ என்னவோ, அதன் பிறகு வீடு கோடைக்குக் கோடை ஒரு சாண் மேலே ஏறியது. வாசலுக்குக் கீழே பீர் பெட்டிகளை அடுக்கிப் படியாக்கினார்கள். முண்டூலாவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது. தண்ணீர் வாளியோடு அதில் ஏறி இறங்கியே கிளாரியின் மனைவி ஐவிக்கு முழங்கால் போயிற்று. கிளாரி தண்டவாள மேஸ்திரி. சுத்தியும் ஆணியும் அவனிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. ஆனால் தண்டவாள ஆணி ஒரு சங்கம், வீட்டு ஆணி வேறு சங்கம். ஒரு சங்கத்து வேலையை இன்னொரு சங்கத்தான் தொடக் கூடாது. முன்பிருந்த மேஸ்திரி ஒருவன் தன் வீட்டுச் சன்னலில் ஒரே ஒரு ஆணி அடித்துத் தொலைத்தான். இரண்டு சங்கமும் வேலைநிறுத்தம் செய்ததில் ரயிலில் ரொட்டி வராமல் ஊரே முயல் தின்று கிடந்தது. அந்த ஆணியைக் கண்டால் இன்றும் ஆட்கள் ஒதுங்கித்தான் நடக்கிறார்கள்.

"ஊர் இரும்பையெல்லாம் தட்டித் தட்டிப் பாக்குறியே, நம்ம வாசக்கதவு ஒரு வருஷமாத் தொங்குது. அதை என்னைக்காவது தொட்டியா?" என்றாள் ஐவி.

"அது கட்டடக்காரங்க வேலைம்மா."

"ரொம்ப நல்லது. செவ்வாக்கிழமை சாமான் ரயில்ல நான் கடலோரம் எங்க அக்காகிட்டப் போறேன். உனக்குத் தண்டவாளமே சோறு பொங்கிப் போடட்டும்."

 ஐவி இல்லாத முண்டூலாவில் ஒரு நாள்கூட இருக்கக் கிளாரியால் ஆகாது. வீட்டைத் தொடக் கூடாது, சரி, தண்டவாளத்தைத் தொடலாமே? ஆட்களைக் கூட்டிப் பக்கப்பாதையிலிருந்து வீட்டுக்கு அடிவரை தண்டவாளம் போட்டான். பழைய டிராலி ஒன்றை உள்ளே தள்ளி, இனி மேலே ஏறாதபடி வீட்டைச் சங்கிலியால் அதன்மேல் இழுத்துக் கட்டினான். டிராலியில் பாரம் கட்டுவது தண்டவாளக்காரன் வேலைதான். எந்தச் சங்கமும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த சாமான் ரயிலின் கார்டு வீட்டைச் சுற்றி வந்தான். "சக்கரம் இருக்குல்ல? அப்போ இது ரயில் பெட்டி. பெட்டியை இங்க விட்டுட்டுப் போனா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க" என்றான். ரயிலோடு வந்த பெட்டிப் பிரிவு ஆட்கள் உடனே இறங்கிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, கூரையை ஒட்டுப்போட்டு, சன்னலுக்கு வண்ணமும் அடித்தார்கள். வீடாக இருந்து ஆயுசுக்கும் காணாத மராமத்தைப் பெட்டியான ஒரே காலையில் கண்டது. வாசக்கதவை மட்டும் அவர்கள் தொடவில்லை. அது வீட்டுக் கதவாம்.

வீட்டை ரயிலின் வாலில் மாட்டினார்கள். உள்ளே இருந்த ஐவியிடம் விடைபெற ஏறிய கிளாரியின் கையில் அவள் திருப்புளியை வைத்தாள். அவன் வெளியே எட்டிப் பார்த்தான். அவனுடைய ஆட்களே, சங்கத்துக்காரர்கள், வரிசையாக நின்றார்கள். திரைச்சீலையை இழுத்து மூடினான். கதவின் கீல்களை ஒவ்வொன்றாக முடுக்கினான். முடித்துக் கதவைத் திறந்தபோது முண்டூலா எங்கோ பின்னால் ஒரு புள்ளியாக இருந்தது.

"ஐயோ, என் வேலை!"

"அது ஓடியா போயிரும்? உக்காரு, டீ போடுறேன்" என்றாள் ஐவி.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீடு திரும்பி வந்தது, சங்கிலி விறைத்து நிற்க, டிராலிக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடி. அதிர்வே இல்லாத பெட்டி என்று ஓட்டுநர் பாராட்டினார். ஆட்கள் ரயிலில் ரொட்டி வாங்கிக்கொண்டு, சன்னல் வழியாகக் கிளாரியிடம் வாரத்துக்கான வேலையைக் கேட்டுக்கொண்டார்கள். ஐவி வாசக்கதவைச் சாத்தினாள். அது பிசகில்லாமல் மூடிக்கொண்டது. யார் சரிசெய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.