ஒரே பட்டனில் துப்புரவு

ஆல்பத்தின் ஏழாவது பக்கத்தைப் பிரித்ததும் காகிதம் தின்னும் பூச்சியொன்று இரத்தினசிங்கத்தாரின் விரலில் ஏறியது. மூலையில் பல்லி எச்சம். ஈரச்சாக்கின் நாற்றம். முப்பத்திரண்டு வருடம் துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞராக இருந்து, வண்டு விழுந்த மா மூட்டைகளை முகர்ந்து ‘உதவாது’ என்று முத்திரை குத்திய மூக்கு அவருடையது. தன் கலியாணப் படத்துக்கும் அதையே குத்தலாம் போலிருந்தது. மாலையோடு அவர், பக்கத்தில் புஷ்பவதி. இருவர் முகத்திலும் கபிலநிறப் புள்ளிகளாகப் பூஞ்சணம்.

நாற்பதாவது கலியாண நாளுக்குப் பெரிதாக்கி மாட்டப்போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். அது பாதி உண்மை. மற்றப் பாதி, வருகிற திங்கட்கிழமை. அன்று கொழும்பில் அவருடைய நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். போன வருடம் செத்துப்போன அண்ணருக்கு மரண நோட்டீசில் அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள். கோழி களவெடுத்துப் பிடிபட்ட ஆளைப்போல மனுசன் லிங்கநகர் மதிலெல்லாம் ஒட்டிக்கிடந்தார். மழைக்கு ஒருபக்க மீசை கரைந்தது, மிச்சத்தை ஆடு தின்றது. அந்தக் கண்றாவி தனக்கு வரக்கூடாது. கலியாணப் படமென்றால் மாலையும் அதிலேயே இருக்கிறது.

கனடாவிலிருந்து மகன் கிருஷாந்த், பழைய படங்களைத் துப்புரவாக்கவென்று மூன்று சொப்ட்வெயரைக் கம்பியூட்டரில் போட்டுத் தந்திருந்தான். “அப்பா, வீட்டில இருக்கிற ஆக்களுக்கெண்டே செய்தது. ஒண்டும் படிக்கத் தேவையில்லை. மூண்டையும் பாத்திட்டு லேசானதைப் பிடியுங்கோ.”

“பொம்பிளை பாக்கிறமாதிரி மூண்டைக் காட்டி ஒண்டைப் பிடியெண்டுறாய். கொம்மாவின்ர காதில விழப்போகுது, மெல்லக் கதை” என்றிருந்தார் இவர்.

படத்தை ஸ்கான் பண்ணிக் கொடுத்ததும் முதலாவது, பெயர் கேட்டது, பிறந்த திகதி கேட்டது, கடவுச்சொல்லில் ஓர் ஆச்சரியக்குறி கேட்டது. கடைசியில் தொப்பை கரைக்கும் எண்ணெய்க்கு விளம்பரம் காட்டிவிட்டு, இருவர் முகத்துக்கும் குறுக்கே தன் பெயரைச் சுண்ணாம்பு வெள்ளையில் அடித்துத் தந்தது. இரண்டாவது இன்னும் கேவலம். கேட்காமலே கண்ணைப் பெருப்பித்து, உதட்டில் றோஸ் பூசி, அவரை வெளுத்து எடுத்தது. அவித்து உரித்த முட்டைக்கு மீசை வரைந்ததுபோல இருந்தார். கீழே, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றொரு கேள்வி.

“ஓங்காளிச்சுச் சத்தி வருது. அதுக்கு நட்சத்திரம் இருக்கே?” என்று திரையைக் கேட்டார்.

மூன்றாவதில் ஒரேயொரு பட்டன். அமத்தினார். குசினித் துணியால் துடைத்ததுபோல ஒரு கோடு மேலிருந்து கீழாக இறங்க, பூஞ்சணம் போனது. மீசை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். இப்படியொரு முகத்தோடு நோட்டீசில் வருவதென்றால் சாகிறதும் அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. தன் முகத்தை மட்டும் வெட்டியெடுக்கச் சுற்றிவரப் பெட்டி கீறினார். பெட்டிக்கு வெளியே நின்ற புஷ்பவதியை அப்போதுதான் பார்த்தார்.

பொட்டில்லை.

பூஞ்சணப் புள்ளிகளோடு அதையும் ஒரு புள்ளியென்று எண்ணித் துடைத்திருந்தது. நெற்றி, கழுவிவிட்ட அம்மிபோல வெறுமையாகக் கிடந்தது. அண்ணரின் செத்தவீட்டில் அண்ணியின் நெற்றியையும் பெண்கள் இப்படித்தான் ஈரத்துணியால் ஒரே இழுவையில் துடைத்தார்கள். இவர் வாசலில் நின்று சோடாப் போத்தல் போதுமா என்று கதைத்துக்கொண்டிருந்தார். அருவருப்பு வந்தது. அந்தத் துணியின்மேல், இந்த மெசினின்மேல், எல்லாவற்றையும்விட மீசை பார்த்துச் சொக்கிப்போயிருந்த கிழவன்மேல். திரும்ப அமத்தினார். பொட்டு வந்தது, பூஞ்சணமும் வந்தது. மறுபடி அமத்த, இரண்டும் போயின. தனித்தனியாகப் பிரிக்க அதற்குத் தெரியவில்லை.

“இஞ்சாருங்கோ, கோயிலுக்குப் போய் வாறதுக்கிடையில உந்தப் பெட்டியோட என்ன மல்லுக்கட்டு?”

வெள்ளிக்கிழமைப் பூசை முடித்து, குங்குமம் மடித்த இலையோடு புஷ்பவதி பின்னால் நின்றாள். அவர் திரையைக் கையால் மறைத்தார். அவள் கையை விலக்கினாள். துறைமுகப் பக்கமிருந்து கப்பலொன்று நீட்டி ஊதி ஓய்ந்தது.

“ஆர் அழிச்சது?”

“மெசின்.”

“மெசினை ஆர் அமத்தினது?”

“நான்தான்.”

அவருடைய முகத்தைச் சுற்றிக் கீறியிருந்த பெட்டியை அவள் பார்த்தாள்.

“நோட்டீசுக்கோ?”

“மீசை வடிவா வந்திருக்கு” என்றார்.

“ஓம், வடிவாத்தான் இருக்கு. ஊத்தை மனுசன்.”

இலையைப் பிரித்து, மோதிரவிரலால் குங்குமம் தொட்டு, திரையிலிருந்த நெற்றியில் அழுத்தி வைத்தாள். “திங்கக்கிழமை போய், முடிச்சுக்கொண்டு வாங்கோ. வந்து வேற சொப்ட்வெயர் தேடுவம்.” கதிரையின் முதுகைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

யாரும் தொடாததால் சற்று நேரத்தில் திரை தானாகவே அணைந்தது. மாலையும் போனது, மீசையும் போனது. கறுத்த கண்ணாடியில் குங்குமம் மட்டும் தொங்கியது, அதற்குப் பின்னால் மங்கலாக அவர்கள் இருவரும். புள்ளி அவருடைய காதுக்குப் பக்கத்தில் நின்றது. புஷ்பவதி மெல்லக் குனிந்தாள். நாடி அவர் தோளில் முட்டுமளவுக்குக் குனிந்து, புள்ளி தன் நெற்றிக்கு நேரே வரும்வரை தலையைச் சாய்த்தாள்.

இரத்தினசிங்கத்தார் மவுசுக்குப் பக்கத்திலிருந்த கையை, மவுசு அசைந்து திரை மறுபடி வெளிச்சமாகிவிடாதபடி, விரல் விரலாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.