நிறுத்தும் அடி

சிதம்பரத்தில் வேனை விட்டு இறங்கியதும் தேவநாதன் பெரிய டிரம்மைத் தரையில் வைத்து, கறுப்புத் துணி கட்ட ஆரம்பித்தான். சாவு ஊர்வலத்துக்கு டிரம்மின் ஒரு பக்கத்தை இப்படி மூடிவிடுவோம். சத்தம் அடங்கிக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவன், அன்றைக்கு முடிச்சைப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். நான் க்ளாரினெட்டைப் பூட்டுகிற சாக்கில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுனாமி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தேவனாம்பட்டினத்தில் அவன் மகள் சினேகாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. போட்டோவை வைத்துத்தான் காரியம் செய்தார்கள்.

இன்றைக்கு அவனைக் கூப்பிட வேண்டாம் என்று பேண்டு மாஸ்டரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அடக்கம் பண்ணப்போவதும் ஒரு பெண் குழந்தையைத்தான். மஞ்சள் காமாலையில் போய்விட்டது. மாஸ்டர் கேட்கவில்லை. "வூட்லயே குந்திக்கினு இருந்தா பித்து புடிச்சிடும்டா. வந்து அடிக்கட்டும். கர்த்தர் பாத்துப்பாரு" என்றார்.

இன்பநாதன் மாஸ்டருக்கு எதை எடுத்தாலும் பிரசங்கம்தான். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பேண்டு செட்டின் பயிற்சி ஜெபத்தில் தொடங்கிப் போதனையில் முடியும். ஒருவனோடு ஒருவன் சுருதி சேர்ந்தால் அது சபை ஐக்கியம். பெரிய டிரம்காரனுக்கு முன்னால் பாதை தெரியாது, டிரம்மே மறைக்கும், ஆனாலும் நடக்கிறான், அது விசுவாசம். அவருக்கு ரொம்பப் பிடித்தது நிறுத்தும் அடி. பாட்டு எங்கே இருந்தாலும் சரி, பெரிய டிரம் அடுத்தடுத்து இரண்டு அடி விட்டால்தான் பேண்டு நிற்கும். அதுவரை ஒருவனும் வாயை எடுக்கக் கூடாது. "நீயா நிறுத்துனா அது அவிசுவாசம். அவரு அடிப்பாரு, அப்ப நில்லு" என்பார். மாரியம்மனைக் கும்பிடுகிற தேவநாதன், "அப்ப உங்க கர்த்தரு வேலய நான்தான் பாக்கறேனா மாஸ்டர்?" என்று கேட்பான். மாஸ்டரும் சிரித்துவிடுவார்.

ஊர்வலம் கிளம்பியது. சின்னப் பெட்டி. ஒரே ஆள் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிடலாம். முறை என்று நான்கு பேர் தூக்கி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு போனார்கள். தேவநாதன் ஒரு அடிகூடத் தப்பவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலோடு பேண்டு நின்றுவிட வேண்டும். உள்ளே ஜெபம் மட்டும்தான். வாசல் வந்தது. நிறுத்தும் அடிக்காக மாஸ்டர் கையைத் தூக்கினார். டிரம் அடித்துக்கொண்டே இருந்தது. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தூக்கினார். பாட்டு முடிந்து முதல் வரிக்கே திரும்பியது. நாங்களாக நிறுத்தியிருக்கலாம். வருஷக்கணக்கில் பழகிய வாய், அந்த இரண்டு அடி விழாமல் எடுக்க வரவில்லை.

உள்ளே ஒரு காலை வைத்துவிட்ட பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "என்னா மாஸ்டர் இது? நிறுத்தச் சொல்லுங்க. பெட்டி காத்துக்கினு இருக்குது."

மாஸ்டர் டிரம்முக்குப் பக்கத்தில் போனார். "தேவநாதா, போதும்ப்பா."

"நிறுத்துனா உள்ள தூக்கிக்கினு போயிடுவாங்க மாஸ்டர்."

அடியை விடாமலே சொன்னான். அழுகை இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்த மாதிரி ஒரு பணிவு. மாஸ்டர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. எங்களுக்கு அத்தனை சொன்னீர்களே, இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ட்ரம்பெட் பழனிவேல் முதலில் ஓய்ந்தான். அப்புறம் ஒவ்வொருவராக. நான் ஊதினால் காற்றுதான் வந்தது. கடைசியில் டிரம் மட்டும் தனியாகக் கேட்டது.

அப்போது குழந்தையின் அம்மா வந்தாள். பிடித்துக்கொண்டிருந்த பெண்களை உதறிவிட்டு நேரே அவனிடம் வந்தாள். திட்டப்போகிறாள், அறையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் துணி கட்டாத பக்கத்துத் தோலின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள். அவன் கை அந்தரத்தில் நின்றது.

"அடிங்கண்ணா" என்றாள்.

அவன் துணி கட்டிய பக்கத்தில் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் வளையல்கள் அதிர்ந்தன. சுமந்தவர்கள் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார்கள். பாஸ்டர் உள்ளே வைத்திருந்த காலை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டார்.