செவலைக் காளை உதைத்த கால்

அந்தப் பொய்யைச் சொன்னவர் ராசாத்தாளின் கணவர் சென்னிமலைதான். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அறுபத்தொன்றாம் வருசம் மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு பவானியிலிருந்து செங்கோட்டையன் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்தபோது, சென்னிமலை முழங்காலுக்குக் கீழே வில்லாக வளைந்திருந்த தன் வலது காலைக் காட்டி, "போன வருசம் செவலைக் காளை உதைச்சு ஒடிச்சுப்போட்டதுங்க. கோணலாச் சேந்துக்கிச்சு" என்றார். குடும்பத்து நோய் என்று சம்பந்தம் தட்டிப்போகக் கூடாதே! பொய்க்குப் பொருத்தமாக, அந்தச் சாதுக் காளையைச் சோடியிலிருந்து பிரித்து முன்கூட்டியே அந்தியூர் மாட்டுச் சந்தையில் விற்றும் ஆயிற்று. வாயில்லாத சீவன், சாட்சிக்கு வராது.

கல்யாணம் தையில். மார்கழியில் வலி தாங்காமல் கோயமுத்தூரில் ஓர் எலும்பு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். செங்கோட்டையன் சும்மா இருப்பாரா? சம்பந்தி ஆகப்போகிறவர். அவரும் கூடவே பஸ் ஏறிவிட்டார்.

அவர் பக்கத்தில் இருந்ததால் டாக்டரிடமும் காளைக் கதையையே சொன்னார் சென்னிமலை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். ராசாத்தாள் எண்ணெய் தேய்த்துவிட்ட கால், தோலும் சதையும் இல்லாமல் அங்கே வெள்ளையாக நின்றது. பக்கத்துக் கால் எலும்பு வழவழவென்றிருக்க, இது மட்டும் தடித்து, வளைந்து, திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"ஒடிஞ்ச தடத்தையே காணமே," என்றார் டாக்டர். "ஒரு வருசத்துக்கு முந்தி கால் நேரா இருந்துதுங்களா?"

"நேராத்தானுங்க இருந்துச்சு," என்றார் சென்னிமலை, செங்கோட்டையனைப் பார்த்துக்கொண்டே.

டாக்டரின் முகம் வாடியது. "ஒரே வருசத்துல எலும்பு இப்படி மாறுச்சுன்னா புத்துநோயா இருக்கலாமுங்க. எலும்புல ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சுப் பார்க்கோணும். அதுதான்னு ஆச்சுன்னா, காலையே எடுக்க வேண்டி வரும்."

கால் போனாலும் போகட்டும், மகள் கல்யாணம் நடக்கட்டும் என்று சென்னிமலை உண்மையை விழுங்கிக் கல்லாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ராசாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானத்துக்காகக் காலை அறுத்துக் கொடுப்பார்களா?

"பொய்யிங்க டாக்டர்!" என்றாள். "பத்து வருசமா கொஞ்சங் கொஞ்சமா வளையுதுங்க. காளை உதைக்கவே இல்லீங்க. தொட்டா அந்தக் கால் மட்டும் காங்கையா இருக்குமுங்க. சூட்டு உடம்புன்னு வெளக்கெண்ணெய் தேச்சுட்டு இருந்தேனுங்க."

டாக்டர் குனிந்து அந்தக் காலில் உள்ளங்கையை வைத்தார். மெல்லச் சிரித்தார்.

"நல்ல வேளை சொன்னீங்க அம்மணி. எலும்பைக் கல்லுன்னு நெனைச்சுட்டு இருக்கறோம். அதுக்கு உசிர் இருக்குதுங்க. பழசை அரிச்செடுக்க ஒரு உசிரணுக் கூட்டம், புதுசாக் கட்ட ஒரு கூட்டம். எல்லார் எலும்புலயும் ஓயாம இந்த வேலை நடக்குது. இவருக்கு இந்த எலும்புல மட்டும் அவசர வேலை, தாறுமாறா இடிச்சுத் தாறுமாறாக் கட்டுறாங்க. அங்க ரத்தம் நெறைய ஓடுது, அதான் சூடு. பேஜட் நோய்னு பேரு. ரத்தத்தைச் சோதிச்சு உறுதி பண்ணிக்குவோம். தீர்க்கறதுக்கு மருந்து இன்னும் வரலீங்க. வலிக்கு மாத்திரை தாரேன், விழாமப் பாத்துக்கோங்க. காலை எடுக்க வேண்டி வராதுங்க."

ராசாத்தாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோறாக்கும்போதும் தூங்கும்போதும் இதற்குள்ளே இடிப்பதும் கட்டுவதும் நடந்துகொண்டே இருந்ததா? கோயில் கோபுரத்தின் அடியில் நின்றபோதுகூட அவளுக்கு இப்படி மெய்சிலிர்த்ததில்லை. ஒரு கணம் கல்யாணமே மறந்துபோயிற்று.

நினைவு வந்து திரும்பினால், செங்கோட்டையன் தன் முழங்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குள்ளயுமுங்களா?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் தலையாட்டினார்.

பிறகு செங்கோட்டையன் சென்னிமலையிடம் சொன்னார்: "அந்தச் செவலை எங்க ஊட்டுக் கட்டுத்தறியிலதானுங்க நிக்குது. அந்தியூர்ல தரகர்கிட்ட வாங்குனேன். பொண்ணுப் பார்க்க வந்தன்னிக்கே அச்சு அசலா அதே மாதிரி அதோட சோடிக் காளையை உங்க ஊட்டுல பார்த்துப்போட்டேன். எம் பேரன் அதுமேல சாஞ்சு தூங்குறான். அதா உதைக்கும்?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?" என்றாள் ராசாத்தாள்.

"பொண்ணைத்தானுங்களே கேட்டு வந்தேன்? காலையா கேட்டு வந்தேன்?"

சென்னிமலை துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ராசாத்தாள் அவர் காலில் கை வைத்தாள். சூடாக இருந்தது. உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது.